ஒரே வகை, இரண்டு பெயர்: கம்பைலர் எதைச் சொல்ல வேண்டும்?

ஹாஸ்கெல் மொழியில் எழுதும் ஒவ்வொரு கோவைக்கும் ஒரு வகை உண்டு. அது என்ன வகை என்று அந்த மொழியின் உரையாடல் சாளரத்தில் கேட்டால் உடனே விடை வரும். இரண்டு கோவைகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, விசைப்பலகையில் தட்டிய ஒரு வரியைப் படித்து, எதையும் மாற்றாமல் அப்படியே தருகிறது. அதன் வகையைக் கேட்டால் ‘ஐஓ ஸ்ட்ரிங்’ என்று விடை வரும். இரண்டாவது, அதே வரியைப் படித்து எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பித் தருகிறது. அதன் வகையைக் கேட்டால் ‘ஐஓ [கேர்]’ என்று வரும்.

ஐஓ என்பது வெளியுலகோடு தொடர்புகொண்டு பெறப்படும் மதிப்பு என்பதைக் குறிக்கிறது. கேர் என்றால் ஓர் எழுத்து. சதுர அடைப்பு என்றால் பட்டியல். எழுத்துகளின் பட்டியலுக்கு ஹாஸ்கெலில் வைத்திருக்கும் மாற்றுப்பெயர்தான் ஸ்ட்ரிங். ஆக, இரண்டு விடைகளும் ஒரே வகையைத்தான் சொல்கின்றன. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றை எழுதினால் நிரலின் பொருள் சிறிதும் மாறாது. அப்படியிருக்க, ஒரு முறை பெயரும் மறுமுறை அதன் விரிவும் திரையில் வருவது ஏன்?

இந்தச் சின்ன வேறுபாட்டின் வேரைத் தேடிப் போனால், நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்கேற்ற வடிவமாக மாற்றும் கம்பைலருக்குள் நடக்கும் கணக்கின் அழகான ஒரு பகுதியைப் பார்க்க முடியும். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதை மனிதருக்குப் புரியும் பெயரில் சொல்லவும் வேண்டும் என்று மொழிகளை உருவாக்குபவர்கள் பட்ட பாடும் தெரியவரும்.

பெயர் வைப்பதன் பயன்

சார்பு நிரலாக்கத்துக்காக ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பல மொழிகளை வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் நடந்த மாநாட்டில் பொதுவான மொழி ஒன்றை வடிவமைக்க ஒரு குழு அமைக்க முடிவானது. அதன் பலனாக 1990இல் ஹாஸ்கெலின் முதல் வரையறை வெளிவந்தது. தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கரியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மொழியின் முதன்மையான கம்பைலர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலர். நிரலாளர்கள் சுருக்கமாக ஜிஎச்சி என்பார்கள்.

ஹாஸ்கெலில் ஒரு வகைக்குப் புதுப் பெயர் சூட்ட ஒரே வரி போதும். மொழியின் அடிப்படை நூலகமே இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. கோப்பின் இருப்பிடத்தைச் சொல்லும் ஃபைல்பாத் என்ற வகை, ஸ்ட்ரிங் என்பதன் மாற்றுப்பெயர். ஸ்ட்ரிங்கோ [கேர்] என்பதன் மாற்றுப்பெயர். உரையைப் படித்து மதிப்பாக மாற்றும் சார்புகளுக்கு ரீட்எஸ் என்று ஒரு பெயர் உண்டு. அதை விரித்தால், ஓர் உரையை வாங்கிக்கொண்டு, படித்தெடுத்த மதிப்பும் படிக்காமல் மிஞ்சிய உரையும் சேர்ந்த இணைகளின் பட்டியலைத் தரும் சார்பு என்று வரும். இந்த நீளத்தை ஒவ்வொரு முறையும் எழுதினால் படிப்பவருக்குச் சார்பின் நோக்கமே மறைந்துபோகும்.

மாற்றுப்பெயருக்கு உள்ள முக்கியமான விதி, அது புது வகை எதையும் உருவாக்குவதில்லை என்பது. கம்பைலரைப் பொறுத்தவரை பெயரும் விரிவும் சமம். கோப்பின் இருப்பிடத்தை எதிர்பார்க்கும் இடத்தில் சாதாரண உரை ஒன்றைக் கொடுத்தால் அது மறுக்காது. பெயரின் பயன் முழுக்க முழுக்க மனிதருக்கானது. ‘இங்கே வரும் எழுத்துவரிசை வெறும் உரை இல்லை, ஒரு கோப்பின் முகவரி’ என்று எழுதியவர் படிப்பவருக்குச் சொல்லும் செய்தி அது. இந்தச் செய்தியை வழியில் தொலைக்காமல் படிப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது கம்பைலரின் கடமையா? கடமைதான் என்று ஜிஎச்சியை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்துதான் சிக்கல்களும் தொடங்கின.

எழுதாத வகையைக் கண்டுபிடிப்பது

நிரலாளர் எழுதிய வகையை மட்டும் திருப்பிக் காட்டுவதாக இருந்தால் இதில் பிரச்சினையே இல்லை. எழுதியதை அப்படியே அச்சிட்டுவிடலாம். ஆனால் ஹாஸ்கெல், ஓகேமல், எல்ம் போன்ற மொழிகளின் சிறப்பே, வகைகளை எழுதாமல் விட்டாலும் கம்பைலர் தானே உய்த்துணர்ந்துகொள்ளும் என்பதுதான். இதன் கணித அடிப்படையை ரோஜர் ஹிண்ட்லி 1969இல் தருக்கவியல் கோணத்தில் கண்டார். எடின்பரோவில் எம்எல் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த ராபின் மில்னர் 1978இல் அதைத் தனியாகக் கண்டடைந்து நிரலாக்கத்துக்குக் கொண்டுவந்தார். மில்னரும் அவருடைய மாணவர் லூயிஸ் டமாஸும் 1982இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறையை முழுமையாக்கியது.

முறையின் இதயம் ஒன்றாக்கல் என்ற செயல். 1965இல் ஆலன் ராபின்சன் தருக்கவியலுக்காக வகுத்தது அது. வகை தெரியாத ஒவ்வொரு இடத்திலும் கம்பைலர் ஒரு மாறியை வைக்கிறது. பிறகு நிரலைப் படித்துக்கொண்டே போய், இந்த வகையும் அந்த வகையும் சமமாக இருந்தாக வேண்டும் என்ற சமன்பாடுகளைச் சேகரிக்கிறது. பள்ளியில் தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கச் சமன்பாடுகளைத் தீர்ப்பதைப் போலவே, இங்கே தெரியாத வகைகளைத் தீர்க்கிறது. இருபுறமும் உள்ள வடிவங்களைப் பொருத்திப் பார்த்து, மாறி வந்தால் எதிர்ப்புறம் உள்ளதை அதற்கு மதிப்பாகக் கொடுக்கிறது.

இப்படிக் கிடைக்கும் வகையை எந்த மனிதரும் எழுதியிருக்க மாட்டார். அதைத் திரையில் காட்டும்போது எந்தப் பெயரைச் சொல்வது என்று கம்பைலர்தான் முடிவெடுக்க வேண்டும். மாற்றுப்பெயரைக் காட்டுவது தனிச் சிக்கலாக எழுவது இதனால்தான்.

வரிசையில் ஒளிந்திருக்கும் விடை

தொடக்கத்தில் பார்த்த இரண்டு கோவைகளுக்கு இப்போது வருவோம். எதையும் மாற்றாமல் தரும் சார்பின் வகை ‘அ → அ’. எந்த வகையைக் கொடுத்தாலும் அதையே திருப்பித் தரும் என்று பொருள். படித்த வரியின் வகை ஸ்ட்ரிங். எனவே அ என்ற மாறியும் ஸ்ட்ரிங்கும் ஒன்றாக வேண்டும். ஒரு புறம் மாறி இருப்பதால் ஜிஎச்சி உடனே ஸ்ட்ரிங்கை அப்படியே அதற்கு மதிப்பாகக் கொடுத்துவிடுகிறது. பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. விடையில் பெயர் பிழைத்துக்கொள்கிறது.

தலைகீழாக்கும் சார்பின் வகை ‘[அ] → [அ]’. எந்தப் பட்டியலையும் வாங்கித் திருப்பி அடுக்கித் தரும். இப்போது [அ] என்பதும் ஸ்ட்ரிங்கும் ஒன்றாக வேண்டும். ஒரு புறம் பட்டியல், மறுபுறம் ஒரு பெயர். பெயரை விரிக்காமல் பொருத்த வழியில்லை. விரித்ததும் [அ], [கேர்] என்று இரண்டு பட்டியல்கள் எதிரெதிரே நிற்கின்றன. அ என்பதற்குக் கேர் என்ற மதிப்பு கிடைக்கிறது. சார்பின் விடை [அ], அதாவது [கேர்]. ஸ்ட்ரிங் என்ற பெயர் இந்தக் கணக்கின் நடுவில் கரைந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தடயமும் மீதியில்லை.

இது தற்செயலாக அமைந்த வரிசை இல்லை. மாறியைக் கவனிப்பது முதலில், பெயரை விரிப்பது அதற்குப் பிறகு என்று ஜிஎச்சியின் மூல நிரலில் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். காரணத்தையும் அங்கேயே குறித்திருக்கிறார்கள்: உய்த்துணர்ந்த வகையில் நிரலாளருக்குப் புரியும் மாற்றுப்பெயர்கள் இடம்பெறும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. எந்த வரிசையில் செய்தாலும் நிரல் சரியா தவறா என்ற முடிவு மாறாது. படிப்பவரின் வசதிக்காகவே தேர்ந்த வரிசை இது.

வரிசைக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பதால் வேறொரு விளைவும் உண்டு. ஃபைல்பாத் வகையில் ஒரு மதிப்பும் ஸ்ட்ரிங் வகையில் ஒரு மதிப்பும் ஒரே பட்டியலில் வந்தால், பட்டியலின் உறுப்பு வகை என்ன பெயரில் காட்டப்படும்? முதலில் வரும் உறுப்பு மாறிக்குத் தன் பெயரைக் கொடுத்துவிடும். அடுத்து வருவது அதற்குச் சமமா என்று மட்டும் சோதிக்கப்படும். உறுப்புகளை இடம் மாற்றினால் திரையில் வரும் வகைப்பெயரும் மாறிவிடும். இரண்டு விடைகளும் கணக்குப்படி சரியானவைதான், ஆனாலும் படிப்பவரிடம் அவை இரு வேறு நோக்கங்களைச் சொல்கின்றன.

பெயரை நம்பினால் வரும் ஆபத்து

பெயரைக் காப்பாற்றுவது நல்லதென்றால், இரண்டு புறமும் ஒரே மாற்றுப்பெயர் வரும்போது விரிக்காமலே சமம் என்று முடித்துவிடலாமே? அளபுருக்கள், அதாவது பெயரோடு சேர்த்துக் கொடுக்கும் உள்ளீடுகள், இல்லாத பெயருக்கு இது சரி. இருபுறமும் ஸ்ட்ரிங் என்றால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. ஜிஎச்சியும் அப்படியே செய்கிறது. ஆனால் மாற்றுப்பெயர்கள் அளபுருக்களையும் ஏற்கும். அங்கேதான் பொறி இருக்கிறது.

‘ஃபாண்டம் அ = இன்ட்’ என்று ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வோம். அ என்று எதைக் கொடுத்தாலும் அதைத் தூக்கியெறிந்துவிட்டு முழு எண் வகையான இன்ட்டைத் தருகிறது. இப்போது ‘ஃபாண்டம் இன்ட்’, ‘ஃபாண்டம் கேர்’ இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால்? பெயர் ஒன்றுதானே என்று உள்ளே இறங்கி, இன்ட்டும் கேரும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். கம்பைலர் சரியான நிரலைத் தவறென்று சொல்லிவிடும். உண்மையில் இரண்டும் வெறும் இன்ட்தான். எனவே அளபுரு உள்ள பெயரை விரித்த பிறகே ஒப்பிட வேண்டும். கொடுத்ததை மறக்கும் இயல்பு ஒரு மாற்றுப்பெயருக்கு உண்டா என்பதை ஜிஎச்சியின் அண்மைப் பதிப்புகள் ஒவ்வொரு பெயருடனும் குறித்தே வைத்திருக்கின்றன.

இதே மறக்கும் இயல்பு இன்னோர் இடத்தில் நுட்பமான ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒரு மாறியின் மதிப்புக்குள் அதே மாறி வரக் கூடாது. வந்தால் வகை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். ஆ என்ற மாறிக்கு ‘எஃப் (ஜி ஆ)’ என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப், ஜி இரண்டும் மாற்றுப்பெயர்கள். ஜி எதைக் கொடுத்தாலும் கேர் என்று சுருங்கிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் ஆவுக்குள் ஆ இருக்கிறது. ஜியை விரித்தால் ஆ மறைந்து ‘எஃப் கேர்’ ஆகிவிடுகிறது. முடிச்சு அவிழ்ந்ததும் ஜிஎச்சி அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. எஃப்பையும் விரித்திருக்கலாம், விடை அப்போதும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் தேவையில்லாத விரிவு ஒரு பெயரை வீணாக அழித்துவிடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. தேவைப்படும் அளவுக்கு மட்டுமே விரிப்பது என்ற இந்தக் கொள்கைதான் நல்ல கம்பைலர்களில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

எல்லாவற்றையும் விரித்தால் என்ன?

பெயர்களே வேண்டாம், எப்போதும் கடைசிவரை விரித்துக் காட்டினால் குழப்பமில்லையே என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை சொல்லும். ‘இரட்டை அ = (அ, அ)’ என்று ஒரு மாற்றுப்பெயர். இன்ட்டுக்கு ஒரு முறை பயன்படுத்தினால் இரண்டு இன்ட். விடைக்கு மறுபடி பயன்படுத்தினால் நான்கு. பத்துப் படிகளில் 1,024. இருபது படிகளில் 10,48,576. இருபது வரிகூட வராத நிரல் ஒன்றின் வகையை முழுக்க விரித்து அச்சிட்டால் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஓடும். பெயர்களோடு சொன்னால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். எம்எல் வகைச் சரிபார்ப்பில் ஒளிந்திருக்கும் இத்தகைய அடுக்கேற்ற வளர்ச்சியை 1990இல் ஹாரி மெய்ர்சன் கணித நிரூபணமாகவே நிறுவினார்.

அன்றாட நிரல்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் விரிவின் சுமையை நூலகங்களைப் பயன்படுத்துபவர்கள் தினமும் உணர்கிறார்கள். எட்வர்ட் கிமெட் எழுதிய லென்ஸ் நூலகத்தில், பெரிய தரவமைப்பின் ஒரு பகுதியைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கருவிக்கு லென்ஸ் என்றே பெயர். அது ஒரு மாற்றுப்பெயர். உள்ளே ஒரு பொதுமை மாறியும், அதற்கு ஒரு நிபந்தனையும், மூன்று அம்புக்குறிகளும் கொண்ட சார்பு வகை இருக்கிறது. அப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. லென்ஸ்கள் வெறும் சார்புகளாக இருப்பதால், சார்புகளை இணைக்கும் சாதாரணப் புள்ளிக் குறியாலேயே அவற்றையும் இணைத்துவிடலாம். இணைத்த பிறகு வகையைக் கேட்டால் லென்ஸ் என்ற பெயர் போய், அம்புக்குறிகளின் நீண்ட தொடர் வருகிறது. மாற்றுப்பெயர் தந்த வசதிக்கு நிரலாளர் கொடுக்கும் விலை இது.

பிழைச்செய்தியில் பெயர்

பெயரைத் தேர்வதன் முக்கியத்துவம் முழுமையாகத் தெரிவது பிழைச்செய்திகளில்தான். ஹாஸ்கெல் கற்கும் மாணவர்கள் சில வாரங்களில் ஸ்டேட் என்ற வகையைச் சந்திப்பார்கள். மாறிக்கொண்டே போகும் ஒரு நிலையைக் கணக்கின் படிகளுக்கிடையே கடத்திச் செல்ல உதவுவது. பாடத்தில் ‘ஸ்டேட் இன்ட்’ என்று படித்து, அப்படியே எழுதுவார்கள். எங்கோ ஒரு தவறு நேரும். பிழைச்செய்தி ‘ஸ்டேட்டி இன்ட் ஐடென்டிட்டி’ என்று ஒரு வகையைப் பற்றிப் பேசும். தாம் எழுதாத, கேள்விப்படாத பெயர்கள். ஸ்டேட் என்பது தனி வகையாக இல்லாமல், வேறு விளைவுகளோடும் சேர்த்து அடுக்கக்கூடிய ஸ்டேட்டி என்ற பொதுவான வகையின் மேல், கூடுதல் விளைவு ஏதுமில்லாத ஐடென்டிட்டியை வைத்துச் செய்த மாற்றுப்பெயர் என்பது அப்போதுதான் தெரியவரும். நூலகத்தை எழுதியவருக்கு இது சிறந்த வடிவமைப்பு; ஒரே செயலாக்கம் இரண்டு தேவைகளுக்கும் போதும். முதல்முறை கற்பவருக்கோ, தன் பிழையைத் திருத்துவதற்கு முன் இன்னொரு பாடத்தைப் படித்தாக வேண்டும் என்றாகிவிடுகிறது.

நேர்மாறான துன்பமும் உண்டு. எதிர்பார்த்த வகை, கிடைத்த வகை என்று செய்தியில் இரண்டு மாற்றுப்பெயர்கள் வரும். இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்பது தெரியும். எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பது பெயரிலிருந்து தெரியாது. நிலத்துக்கு ஊரார் வழங்கும் பெயர் ஒன்று, பட்டாவில் உள்ள சர்வே எண் ஒன்று. அன்றாடப் பேச்சுக்கு ஊர்ப்பெயரே போதும். எல்லைத் தகராறு வந்தால் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் பார்க்காமல் தீராது. வகைகளும் அப்படித்தான். தகராறு எழுந்த இடத்தில் மட்டும், தகராறு தீரும் அளவுக்கு மட்டும் விரிவு வேண்டும்.

2016இல் வெளிவந்த ஜிஎச்சி 8.0 பதிப்பில், பிழைச்செய்தியில் மாற்றுப்பெயர்களின் விரிவையும் சேர்த்துக் காட்டும் விருப்பத்தேர்வு ஒன்று வந்தது. இதன் உள்ளே இருக்கும் முறை கவனிக்கத்தக்கது. இரண்டு வகைகளையும் முடிந்தவரை ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும்படி அது விரிக்கிறது, அதற்கு மேல் போவதில்லை. டி5 என்பது டி4இன் பெயர், டி4 என்பது டி3இன் பெயர், டி3க்குக் கீழும் இன்னும் பல படிகள் உண்டு என்று கொள்வோம். ஒரு வகையில் டி5, எதிர் வகையில் அதே இடத்தில் டி3 வந்தால், டி5ஐ இரண்டு படி மட்டும் விரித்து டி3 என்று ஆக்கி நிறுத்துகிறது. அந்த இடத்தில் வேறுபாடு இல்லை என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மீதி விரிவு செய்தியை நீட்டுமே தவிர எதையும் விளக்காது. இந்தத் தேர்வை நிரலாளர் கேட்டால்தான் ஜிஎச்சி தருகிறது. கேட்காதபோது செய்தி சுருக்கமாகவே இருக்கும்.

மற்ற மொழிகள் கண்ட வழிகள்

ஓகேமல் மொழியில் பெயர்கள் தொகுதிகளுக்குள் இருக்கும். பெரிய நூலகங்களில் முழு எண் வகைக்கே, தொகுதிக்குள் தொகுதியாகப் பல அடுக்கு முகவரியோடு கூடிய மாற்றுப்பெயர்கள் அமைந்துவிடுகின்றன. 2013இல் வந்த 4.01 பதிப்பு, ஒரே வகை பல முகவரிகளில் கிடைக்குமானால் மிகக் குறுகிய முகவரியைத் தேர்ந்து காட்டும் விருப்பத்தை அறிமுகப்படுத்தியது. நீண்ட முகவரிகளால் நிரம்பிய செய்திகள் இதனால் படிக்கத்தக்கவை ஆயின. ஆனால் குறுகிய பெயர்தான் பொருத்தமான பெயர் என்று எப்போதும் சொல்ல முடியாது. முழு எண்ணுக்கு ‘வயது’ என்று பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயர் நீளமாக இருந்தாலும் அதில் ஒரு தகவல் இருக்கிறது. நீளத்தை இயந்திரத்தால் அளக்க முடியும், பொருத்தத்தை அளக்க முடியாது.

எவன் சாப்ளிக்கி உருவாக்கிய எல்ம் மொழி, பிழைச்செய்திகளின் தெளிவுக்காகவே பேர்போனது. அதன் கம்பைலருக்குள் மாற்றுப்பெயர் என்பது வகையின் தனி வடிவமாகவே வைக்கப்படுகிறது. பெயர், அளபுருக்கள், விரிவு மூன்றும் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. ஒப்பிட வேண்டிய இடத்தில் விரிவையும், பேச வேண்டிய இடத்தில் பெயரையும் எடுத்துக்கொள்ள முடிகிறது.

சார்பு மொழி அல்லாத சி++ மொழிக்கான கிளாங் கம்பைலர் இரண்டையும் அடுத்தடுத்துத் தருகிறது. நிரலாளர் எழுதிய பெயரை முதலில் சொல்லி, அதன் விரிவை உடனே அருகில் வைக்கிறது. டைப்ஸ்கிரிப்ட் மொழி 2021இல் 4.2 பதிப்பில் தன் முறையை மேம்படுத்தியது. அதற்குமுன், பல வகைகளைச் சேர்த்து ஒரே பெயரிட்ட தொகுப்போடு இன்னொரு வகையைக் கூட்டினால் பெயர் சிதறி எல்லா உறுப்புகளும் வரிசையாக வரும். இப்போது பழைய பெயரும், அதோடு புதிதாகச் சேர்ந்ததும் மட்டும் வருகின்றன.

மறைக்க வேண்டிய விரிவுகள்

சில விரிவுகளை எல்லோருக்கும் காட்டுவது நல்லதில்லை என்ற முடிவும் தேவைப்பட்டது. ஜிஎச்சி 8.0 காலத்தில், ஒரு மதிப்பு நினைவகத்தில் எப்படி வைக்கப்படுகிறது என்பதையும் வகைகளின் வழியாகவே பேசும் வசதி மொழிக்குள் முழுமையாக வந்தது. அதன்பின், வகைகளின் வகையாக அதுவரை அடிப்படைக் குறியாக இருந்ததே ஒரு மாற்றுப்பெயராக ஆகிவிட்டது. அதை விரித்தால் நினைவக வடிவத்தைச் சொல்லும் நீண்ட தொடர் வரும். ஒரு சார்பைக் கொடுத்த மதிப்பின் மேல் செலுத்தும் டாலர் குறியை ஹாஸ்கெலில் எல்லோரும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். அதன் உண்மையான வகையிலும் நினைவக வடிவத்தைக் குறிக்கும் ஒரு மாறி புகுந்தது.

முதல் பாடம் படிப்பவர் இதைக் கண்டால் மிரண்டுபோவார். எனவே நினைவக வடிவம் பற்றிய பகுதியை ஜிஎச்சி வழக்கமாக மறைத்து, ‘(அ → ஆ) → அ → ஆ’ என்ற பழகிய வடிவத்தைக் காட்டுகிறது. முழு வகை வேண்டுபவர் அதற்கான விருப்பத்தைக் கேட்டுப் பெறலாம். பெரும்பாலானோருக்குப் பயன்படும் உண்மையைச் சொல்லி, மீதியைத் தேவைப்படுபவருக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பது நல்ல ஆசிரியரின் வழி.

உரையாடல் சாளரத்தில் கேட்கும் முறைகள்

நிரலாளருக்கு இதில் பயன்படும் கருவிகளும் உண்டு. ஹாஸ்கெலின் உரையாடல் சாளரத்தில், ஒரு கோவையின் வகையைக் கேட்கும் கட்டளை தரும் விடை, மேலே பார்த்ததுபோல உய்த்துணர்தலின் வரிசையைப் பொறுத்தது. இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய உரையின் வகையைக் கேட்டால் பழைய பதிப்புகள் [கேர்] என்றன, அண்மைப் பதிப்புகள் ஸ்ட்ரிங் என்கின்றன. ஒரு பெயரைப் பற்றிய தகவலைக் கேட்கும் கட்டளை ஒரே ஒரு படி விரிக்கிறது: ஃபைல்பாத் என்று கேட்டால் அது ஸ்ட்ரிங் என்று சொல்லி நிற்கும். ஆச்சரியக்குறியோடு வகையின் வகையைக் கேட்கும் கட்டளையோ அடிவரை விரித்து [கேர்] என்று காட்டிவிடும். விரிவின் ஆழத்தைத் தேர்வது கேட்பவர் கையில் இருக்கிறது.

அதைவிட முக்கியமான தேர்வு, நிரலை எழுதும்போதே செய்ய வேண்டியது. மீட்டர், அடி இரண்டும் டபுள் என்ற தசம எண் வகையின் மாற்றுப்பெயர்களாக இருந்தால், மீட்டரையும் அடியையும் கூட்டினாலும் கம்பைலர் தடுக்காது. பெயரின் எல்லையைக் கம்பைலரும் மதிக்க வேண்டுமென்றால் ஹாஸ்கெலில் நியூடைப் இருக்கிறது. அது உண்மையிலேயே புதிய வகையை உருவாக்குகிறது. நிரல் ஓடும்போது அதற்கென்று நினைவகச் செலவோ நேரச் செலவோ இல்லை. அந்தப் பெயர் ஒன்றாக்கலில் கரைவதில்லை; பிழைச்செய்தியிலும் அப்படியே நிற்கும். படிப்பவருக்கு உதவ மட்டும் ஒரு பெயர் வேண்டுமென்றால் மாற்றுப்பெயர் போதும். கலந்துவிட்டால் தீங்கு நேரும் என்றால் நியூடைப்பே வேண்டும். கூடவே, பொதுவில் வெளியிடும் சார்புகளுக்கு வகையைக் கையால் எழுதிவைப்பதும் நல்ல பழக்கம். எழுதிய வகையில் எழுதியவர் தேர்ந்த பெயர் அப்படியே இருக்கும். கணக்கின் வரிசையை நம்பி இருக்க வேண்டியதில்லை.

வகைக் கோட்பாட்டின் கணக்கில் மாற்றுப்பெயருக்கு எடையே கிடையாது. ஆனால் நிரலைப் படிப்பதும் திருத்துவதும் அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் மனிதர்கள். அவர்களுக்கு ஃபைல்பாத் என்ற சொல் ஒரு பயன்பாட்டைச் சொல்கிறது, ஸ்ட்ரிங் ஒரு பொருளைச் சொல்கிறது, [கேர்] ஓர் அமைப்பைச் சொல்கிறது. மூன்றும் தேவைப்படும் தருணங்கள் உண்டு. கம்பைலரை எழுதுபவர்கள் இவற்றில் எதை எப்போது காட்டுவது என்று யோசித்துச் செலவிட்ட உழைப்பு வீண் இல்லை. தெளிவான ஒரு பிழைச்செய்தி, மொழியைப் புதிதாகக் கற்க வருபவரை அதிலேயே தங்கவைக்கிறது. புரியாத செய்தி அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மொழிகளை மதிப்பிடும்போது அவை எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்பதோடு, கணித்ததை யாருடைய சொற்களில் திருப்பிச் சொல்கின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.